தொப்பிக்காரனுக்குத் தங்கச்சி இல்லை

"ஸ்ஸ்ஸ்...!"

ஜூடித் திரும்பிப் பார்க்காமலே மூன்றாவது முறையாகச் சொன்னாள். பின்வரிசைக் குரல் ஒரு நொடி நின்றது... பிறகு முன்னைவிட உற்சாகமாகத் தொடங்கியது.

"இப்ப அந்தத் தொப்பிக்காரன் கோட்டைக் கழட்டறாம்மா. உள்ள துப்பாக்கி! 'டேய், என்னை யாருன்னு நினைச்ச? டானரி ரோடு பூரா என் கையிலடா'ங்கறான்..."

டானரி ரோடா? அமெரிக்காக்காரன் எடுத்த படத்தில் நம்ம ஊர் டானரி ரோடு எங்கிருந்து வந்தது? ஜூடித்தால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. திரும்பினாள்.

லிங்கராஜபுரத்தின் அந்தச் சர்ச் ஹாலில் ஞாயிறுதோறும் மூன்று மணிக்குப் படம் போடுவது மௌரீன் ஆன்ட்டி. ஜூடித்தின் அப்பாவுடைய அக்கா. அவருடைய கணவர் இறக்கும்போது விட்டுப்போனது ஒரு பழைய ப்ரொஜெக்டரும், ஒரு பெட்டி நிறைய ரீல்களும். எல்லாம் அந்தக் காலத்து ஹாலிவுட் கறுப்பு வெள்ளைப் படங்கள். எல்லாவற்றிலும் ரவுடிகள். கோடு போட்ட சூட்டு, சாய்த்து வைத்த தொப்பி, ரயில்பெட்டி நீளத்துக்குக் கார், எப்போதும் தப்பான நேரத்தில் வெடிக்கும் துப்பாக்கி. பார்த்தால் பயமே வராது, சிரிப்புதான் வரும். ஜூடித் எப்போதும் முன்வரிசையில்தான் பார்ப்பாள்; அன்று தாமதமாக வந்ததில் பின்னால்தான் இடம் கிடைத்தது. 1996 ஜூன் மாதத்து மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்த அந்த மத்தியானம் ஹாலில் நாற்பது பேர் இருந்தார்கள். முப்பத்தொன்பது பேர் வாயை மூடிக்கொண்டு பார்த்தார்கள்.

நாற்பதாவது ஆளுக்கு முப்பது, முப்பத்தொன்று வயது இருக்கும். ப்ரொஜெக்டர் வெளிச்சம் அவன் தோளைத் தொட்டுக்கொண்டு போனது. அடர்ந்த புருவம்... அதற்குக் கீழே மழையில் கழுவியது மாதிரி இரண்டு கண்கள். அந்தக் கண்கள் திரையைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"எக்ஸ்கியூஸ் மீ... கொஞ்சம் மெதுவா பேசறீங்களா?"

"இதான் மிஸ் மெதுவு," என்றான் அவன். "நான் பஸ் கண்டக்டர். ஏழு வருஷமா கத்திக் கத்தி, இதுக்குக் கீழ என் குரல் இறங்காது. எங்கம்மாவுக்குக் கண்ணு தெரியாது. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."

ஜூடித்தின் கோபம் அப்படியே நனைந்துபோனது. "சாரி..." என்று முணுமுணுத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

ஆனால் அவள் ஏழாம் வகுப்புக்கு இங்கிலீஷ் சொல்லித்தரும் டீச்சர். பல்லில் சிக்கிய நார் மாதிரி, கண்ணில் பட்ட தப்பு அவளைச் சும்மா விடாது. பின்னால் நடந்ததோ முழுக்க முழுக்கத் தப்பு. திரையில் ரவுடித் தலைவனுக்குப் பொன்னுக்குவீங்கி. இரண்டு கன்னமும் பன் மாதிரி உப்பி, தலையைச் சுற்றிக் கைக்குட்டை கட்டிக்கொண்டு, போலீஸுக்குப் பயந்து ஒரு மாடி அறையில் ஒளிந்திருக்கிறான். வைத்தியம் பார்க்க வந்த டாக்டர் பெண்ணைத் துப்பாக்கி காட்டி மிரட்டப் பார்க்கிறான், வாய் திறக்க முடியவில்லை. அவள் துப்பாக்கியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு வாயில் தெர்மாமீட்டரைச் செருகுகிறாள். இதற்குப் பின்வரிசை உரை என்ன தெரியுமா?

"அவ அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கறாம்மா... கண்ணு கலங்குது... 'அண்ணா! சின்ன வயசுல திருவிழாவுல காணாமப் போன உன் தங்கச்சி நான்தான்'ங்கறா!"

"அய்யோ, பாவமே!" என்றது அம்மாவின் குரல்.

ஜூடித் பல்லைக் கடித்தாள். நமக்கென்ன... நமக்கென்ன... என்று பத்து நிமிடம் பொறுத்தாள். அப்போதுதான் தொப்பிக்காரன் வீக்கம் வடிந்து எழுந்தான். டாக்டரைப் பார்த்தான். இழுத்து அணைத்தான்... முத்தமே கொடுத்துவிட்டான்.

ஹாலில் விசில் பறந்தது.

"என்னடா? எதுக்கு விசில் அடிக்கறாங்க? தங்கச்சி என்ன பண்றா?"

பின்னால் எச்சில் விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அவ தங்கச்சியே இல்லம்மா!" ஜூடித் திரும்பிவிட்டாள். "டாக்டர். அவன் அவளைக் கல்யாணம் பண்ணிக்கக் கேக்கறான். படத்துல தங்கச்சின்னு யாரும் கிடையாது. இவர் சொன்னது ஆரம்பத்துலேருந்தே தப்பு."

அந்த அம்மாவின் முகம் மெல்ல இவள் குரல் வந்த பக்கம் திரும்பியது. "ஆரம்பத்துலேருந்தா...? போன வாரம், ஜெயிலுக்குள்ள தோசைக்கடை வச்சாங்களே?"

"அது... தோசைக்கடை இல்லம்மா. கச்சேரி."

"அதுக்கு முந்தின வாரம்?"

ஜூடித் அவனைப் பார்த்தாள். அந்தக் கண்கள் 'வேண்டாம்' என்று கெஞ்சின. ஆனால் அவளுக்குப் பொய் வரவில்லை. அவள் பேசாமல் இருந்ததே பதிலாகிவிட்டது.

"எழுந்திருடா ஜெயராமா," என்றார் அம்மா காந்தாம்மா. "வீட்டுக்குப் போலாம்."

குடைகூட விரிக்காமல் இருவரும் மழைக்குள் இறங்கிப் போனார்கள். திரையில் தொப்பிக்காரனுக்குக் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது... ஜூடித் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு அந்த இரண்டு நாற்காலியும் காலி. அதற்கடுத்த ஞாயிறும்.

"இப்ப திருப்தியா?" என்றார் மௌரீன் ஆன்ட்டி, ரீலைச் சுற்றிக்கொண்டே. "நாலு வீடு தள்ளி இருக்காங்க. தியேட்டர் படிக்கட்டு ஏற முடியாதுன்னுதான் அந்தம்மா இங்க வரும். ரெண்டு வருஷமா அந்த ஒரு மத்தியானம்தான் வெளிய. அதையும் திருத்திட்டே."

"நான் சரியானதைத்தானே ஆன்ட்டி சொன்னேன்?"

"நீ எப்பவும் சரியானதைத்தான்டி சொல்லுவ. அதான் யாரும் உன்கிட்ட ரெண்டாவது தடவை பேசறதில்ல."

சுருக்கென்றது.

திங்கட்கிழமை மழை. ஸ்கூலுக்கு நடந்தே போகிற ஜூடித் அன்று சிவாஜி நகர் பஸ்ஸில் ஏறினாள். "முந்தெ ஹோகி, முந்தெ ஹோகி!" என்று எல்லோரையும் முன்னால் நகரச் சொல்லி ஒரு குரல் பின்னாலிருந்து வந்ததும் திரும்பினாள். காக்கிச் சட்டை, தோளில் தோல்பை... அவனேதான். அவளைப் பார்த்தான். பார்க்காதவன் மாதிரி கன்னடத்தில் கேட்டான்:

"எல்லிகெ?"

"உங்க வீட்டுக்கு," என்றாள் ஜூடித் தமிழில்.

"அந்த ஸ்டாப்புல இந்த பஸ் நிக்காது மிஸ்."

பக்கத்து சீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். ஜூடித்துக்குக் காது சிவந்தது. ஆனாலும் விடவில்லை. "உங்கம்மாகிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்."

அவன் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினான். மெதுவாகத்தான் பேச முயன்றான்... பாதி பஸ்ஸுக்குக் கேட்டது.

"நான் எட்டாவதுதான் படிச்சிருக்கேன் மிஸ். எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனா எங்கம்மா அக்கம்பக்கத்துல எல்லாம் 'எம்புள்ளைக்கு இங்கிலீஷ் படமே புரியும்'னு சொல்லிட்டிருந்தாங்க. கண்ணு போன மனுஷிக்கு என்னால குடுக்க முடிஞ்சது அந்த ஒரு பெருமைதான். ஒரு நிமிஷத்துல வாங்கிட்டீங்க. ரைட்... ரைட்!"

விசில் ஊதினான். அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் கடந்து போனது. ஜூடித் கவனிக்கவே இல்லை.

அன்று சாயங்காலமே போனாள். வரிசை வீட்டின் கடைசி வாசல். காந்தாம்மா முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"யாரு? அந்த டீச்சரா? வா, உள்ள வா. மழையில நிக்காத."

"உங்களுக்கு எப்படி..."

"செருப்பைக் கழட்டி நேரா வச்சியே, அந்தச் சத்தத்துலதான். இந்த வீட்டுல யாரும் அப்படி வைக்கறதில்ல."

ஜூடித்துக்கு அழுகை வந்தது. தரையில் உட்கார்ந்து ஒரு கொத்துக் கீரையை எடுத்துக்கொண்டாள். "அம்மா... அவர்மேல கோவப்படாதீங்க. உங்களைச் சிரிக்க வைக்கத்தான் அவர் அப்படிச் சொன்னார்."

"அவன் பொய் சொன்னான்னு எனக்குக் கோவமில்லம்மா." காந்தாம்மாவின் விரல்கள் நின்றன. "கண்ணு இருந்தப்போ நான் ஒரு படம் விட்டதில்ல. தியேட்டர்ல எனக்குப் பிடிச்சது என்ன தெரியுமா? முன்ன பின்ன தெரியாத நானூறு பேர்... ஒரே நொடியில எல்லாரும் சிரிப்போம். இங்கேயும் அப்படித்தான் சிரிக்கறோம்னு நினைச்சிட்டிருந்தேன். அவங்க ஒரு இடத்துல சிரிச்சிருக்காங்க, நான் தனியா வேற இடத்துல. என்னைப் பார்த்துச் சிரிச்சாங்களோ என்னவோ... இனிமே எப்படிம்மா அங்க வந்து உக்காருவேன்?"

தான் எதை உடைத்தோம் என்பது இப்போதுதான் ஜூடித்துக்குத் தெரிந்தது.

"ஒரே ஒரு வாரம் வாங்கம்மா. என் பக்கத்துல உக்காருங்க. எல்லாரும் சிரிக்கற இடத்துல நீங்களும் சிரிப்பீங்க. அது என் பொறுப்பு."

சொல்லிவிட்டாள். செய்வது எவ்வளவு கஷ்டம் என்று ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

அன்றைய படத்தில் பேங்கைக் கொள்ளையடித்துவிட்டு ஓடிவரும் ரவுடி, தன் கார் என்று நினைத்து ஒரு கல்யாணக் காரில் ஏறிவிடுகிறான். பக்கத்தில் மணப்பெண். ஜூடித் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தாள்.

"'இது என்னுடைய வண்டி' என்று அவன் சொல்கிறான். அதற்கு அந்தப் பெண், 'நீங்கள் மாப்பிள்ளையின் சித்தப்பாவா' என்று கேட்கிறாள். அதற்கு அவன்..."

அவள் முடிப்பதற்குள் ஹால் சிரித்து ஓய்ந்து அடுத்த சிரிப்புக்குப் போயிருந்தது. காந்தாம்மா மரியாதைக்காகத் தலையை ஆட்டினார்.

"சரியாத்தான் சொல்றம்மா... பாடம் மாதிரி இருக்கு."

இரண்டு வரிசை பின்னால் ஜெயராமன் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அம்மாவைக் கொண்டுவந்து விட்டதோடு சரி, ஜூடித்திடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ரீல் மாற்ற விளக்குப் போட்டார்கள். ஜூடித் தன் டீச்சர் கௌரவத்தை மடித்து ஹாண்ட்பேக்கில் வைத்துவிட்டு எழுந்து அவனிடம் போனாள்.

"சார்... கொஞ்சம் அங்க வந்து உக்கார முடியுமா?"

"எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே மிஸ்."

"எனக்குத்தான் சிரிக்க வைக்கத் தெரியலையே சார்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். கிண்டலாக ஏதோ சொல்ல வாயெடுத்தவன், அவள் கண்ணோரம் ஈரமாக இருந்ததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"நீங்க என் காதுல சொல்லுங்க... நான் அம்மாகிட்ட சொல்றேன்," என்றான். "ஆனா என் பாஷையில. ஓகேவா?"

"தங்கச்சி மட்டும் வரக்கூடாது."

"சத்தியமா வரமாட்டா."

விளக்கு அணைந்தது. அம்மா, மகன், ஜூடித்... மூன்று நாற்காலி. திரையில் ரவுடி பணப்பையோடு சர்ச் வாசலில் நடுங்கிக்கொண்டு நின்றான். ஜூடித் முதல்முறையாக ஜெயராமன் காதருகே குனிந்தாள். தேங்காய் எண்ணெயும் மழையும் கலந்த ஒரு வாசனை...

"'கோயிலுக்குள்ள எனக்குப் பயமா இருக்கு'ங்கறான்."

அந்தப் பக்கம் திரும்பி ஜெயராமன்: "'போலீஸ் ஸ்டேஷன்லகூட எனக்குக் கால் நடுங்கலடா, இங்க நடுங்குது'ங்கறாம்மா!"

ஹால் சிரித்தது. காந்தாம்மாவும் சிரித்தார். அதே நொடியில்... நாற்பது பேரோடு நாற்பத்தோராவது ஆளாக, வாய்விட்டு, முன்நாற்காலியைத் தட்டிக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் காதைத் தீட்டி நாலு பக்கமும் கேட்டார். எல்லோரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"டேய்... ஒண்ணா சிரிச்சேன்டா," என்றார்.

ஜெயராமன் ஜூடித் பக்கம் திரும்பி ஒரே ஒருமுறை பார்த்தான். இருட்டில் அவ்வளவுதான் தெரிந்தது. போதும்... அன்று இரவு அவள் திருத்திய நோட்டுகளில் தப்புக்கெல்லாம் 'வெரி குட்' விழுந்திருந்தது.

அதற்குப் பிறகு ஜூலை, ஆகஸ்ட் பூராவும் அப்படித்தான். இருட்டில் ஓயாமல் பேசுவார்கள். ரீல் மாற்ற விளக்குப் போட்டால், அந்த மூன்று நிமிடம் இரண்டு பேருக்கும் வாய் பூட்டிக்கொள்ளும். அவன் கூரையைப் பார்ப்பான். அவள் செருப்பைப் பார்ப்பாள். காந்தாம்மா மட்டும், "என்ன, ரெண்டு பேரும் செத்துப்போயிட்டீங்களா?" என்பார்.

அவன் எப்படிச் செய்கிறான் என்று அவளுக்குப் புரியவே இல்லை. தான் ஒரு செங்கல்லைக் கொடுத்தால் அவன் அந்தப் பக்கம் ஒரு ஜன்னலைக் கொடுத்தான். இறங்கத் தெரியாத அந்தக் கரகரக் குரலைப் பின்னால், அவன் இருந்தவரை, பத்தொன்பது வருடம் அவள் தினமும் கேட்டாள். காய்ச்சலில், சண்டையில், பால் பொங்கும் நேரத்தில்... போதவில்லை என்பதை இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது? அன்று அவளுக்கு ஞாயிறு மூன்று மணி மட்டும்தான் தெரியும்.

செப்டம்பர் முதல் வாரம் மௌரீன் ஆன்ட்டி படத்துக்கு முன்னால் எழுந்து நின்றார். "இன்னியோட பெட்டி காலி. இனிமே போட ரீல் இல்ல. வந்தவங்களுக்கெல்லாம் தேங்க்ஸ்."

ஜூடித் திரும்பி ஜெயராமனைப் பார்த்தாள். படம் இல்லை என்றால்... பக்கத்து நாற்காலியும் இல்லை. அவன் காதருகே குனிய இனி என்ன காரணம் இருக்கிறது?

விளக்கு நேரத்தில் அவளே கேட்டாள். "அடுத்த ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவீங்க?"

"டபுள் டூட்டி கேட்டிருக்கேன்." கூரையைப் பார்த்துச் சொன்னான். "நீங்க?"

"நோட்டு திருத்துவேன்."

"ஓ..."

"ம்..."

அவ்வளவுதான். கேளேன்டா, என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. அவன் கேட்க மாட்டான் என்றும் தெரிந்தது. எட்டாவது படித்த கண்டக்டர், டீச்சரிடம் எப்படிக் கேட்பான்? ஒருமுறை எல்லார் முன்னாலும் அவனைத் திருத்தி உட்கார வைத்தவள் அவள். மறுபடி வாயைத் திறக்க அவனுக்கு எப்படித் துணிச்சல் வரும்? கேட்க வேண்டியது இனி அவள்தான்.

கடைசி ரீல் ஓடியது. மூன்று ரவுடிகள் ஒரே கட்டிலுக்கடியில் படுத்திருக்கிறார்கள். போலீஸ் அறைக்குள் நடக்கிறது. யாரும் மூச்சுவிடவில்லை. பாட்டில்லை, பேச்சில்லை. ஹாலில் ப்ரொஜெக்டரின் கிர்ர்ர்... கூரையில் தூறல்... அவ்வளவுதான் சத்தம்.

ஜூடித் குனிந்தாள்.

"'எனக்கு இந்த ஞாயித்துக்கிழமைங்க பத்தலை'ங்கறா."

ஜெயராமன் திரையைப் பார்த்தான். குழம்பினான். "யாரு மிஸ்? இப்ப படத்துல பொண்ணே இல்லையே?"

"படத்துல இல்ல."

அவன் மூச்சு நின்றது அவளுக்குக் கேட்டது. அவள் மூச்சும் நின்றுதான் இருந்தது.

"அவ... வேற என்ன சொல்றா?"

"'உங்களைக் கட்டிக்கணும்னு இருக்கு. சொல்லத் தைரியமில்லாம கடைசி ரீல் வரைக்கும் வந்துட்டேன்'ங்கறா."

"டேய்!" அந்தப் பக்கத்திலிருந்து காந்தாம்மா அவன் முழங்கையை இடித்தார். "ஏதோ சொன்னாளே... என்னன்னு எனக்குச் சொல்லு. எல்லாரும் சிரிச்சிடப் போறாங்க."

இரண்டு மாதத்தில் முதல்முறையாக ஜெயராமன் தன் பாஷைக்கு மாற்றவில்லை. அம்மாவின் காதில் அவள் சொன்னதை அப்படியே சொன்னான். ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. காந்தாம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீ என்னடா சொன்ன?"

"இன்னும் ஒண்ணும் சொல்லலம்மா..."

"ஏன், வாயில என்ன வச்சிருக்க? ஒரு பொண்ணு வாய்விட்டுக் கேட்டுட்டு உக்காந்திருக்கா. சொல்லுடா!"

அவன் ஜூடித் பக்கம் திரும்பினான். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தான். ஆனால் இத்தனை நாள் அடக்கி வைத்தது ஒன்று, ஏழு வருடம் பஸ்ஸில் கத்திய தொண்டை இன்னொன்று... இரண்டும் சேர்ந்து, போலீஸுக்குப் பயந்து ரவுடிகள் மூச்சடக்கிக் கிடந்த அந்த நிசப்தத்தில், சிவாஜி நகர் பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கிற மாதிரி வெடித்தது.

"எனக்கும் அதேதான் மிஸ்! ஜூன் மாசத்துலேருந்து!"

ஹாலே திரும்பியது. நாற்பது பேரும் குபீரென்று சிரித்தார்கள். விசில் பறந்தது. "ஜெயராமன்! ரீல் அறுந்துடும்பா!" என்று மௌரீன் ஆன்ட்டி ப்ரொஜெக்டரைப் பிடித்துக்கொண்டு கத்தினார், அவரும் சிரித்துக்கொண்டே. ஜூடித் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரல் இடுக்குகளில் அவளுக்கும் சிரிப்பு வழிந்தது. எல்லாருக்கும் மேலே காந்தாம்மாவின் சிரிப்பு கேட்டது... அதே நொடியில், அதே இடத்தில். யாரும் யாருக்கும் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.